மேடைக்கு முதுகு காட்டியவர்

"அக்கா, பேசாம கையெழுத்தைப் போட்டுடு. அந்த ஆளுக்கு நம்ம பாட்டே பிடிக்கலை. பிடிச்சிருந்தா எவனாவது ரெண்டு வருஷமா மேடைக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பானா?"

ஒப்பனை அறையில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி குதித்துக்கொண்டிருந்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே குதிக்கத் தெரிந்த ஒரே பிறவி அவன்தான்.

பாடகி அக்கா கண்ணாடிக்கு முன்னால் கிடந்த ஒப்பந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாட்டிலேயே பெரிய இசைக் கம்பெனி அனுப்பியது. நிபந்தனை ஒன்றே ஒன்று: இப்போதிருக்கும் மேனேஜரைக் கழற்றிவிட வேண்டும். மேடை ஏறுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். மேடை ஏற அரை மணி நேரம்தான் இருந்தது. வெளியே மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் போட்ட சத்தத்தில் சுவர்க் கண்ணாடியே தாளம் போட்டது.

"டேய், நம்மளை மனுஷனாக்கினதே அந்த முதுகுதான்டா," என்றான் கிடார் வாசிக்கும் சுருட்டை. "முன்னாடி மூஞ்சியைக் காட்டின மூணு பேர் என்ன பண்ணினாங்கன்னு மறந்துட்டியா?"

மறக்கக்கூடியதா அது! முதல் மேனேஜர் மூவருக்கும் தங்கக் கலர் சட்டை தைத்துக் கொடுத்து, ஜவுளிக்கடைத் திறப்பு விழாவில் பொம்மைகளுக்கு நடுவே நிறுத்தினார். ஓர் அம்மாள் சுருட்டையைத் தடவிப் பார்த்து, "இதுல நீலம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டாமவர், சண்டை போட்டால் பேப்பரில் வரும் என்று பொய்ச் சண்டை மூட்டினார். அது நிஜச் சண்டையாகி ஆறு மாதம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மூன்றாமவர் ஒரே நாளில் மூன்று ஊருக்கு ஷோ ஒப்புக்கொண்டார். மூன்றாவது ஊரில் அக்காவின் தொண்டையிலிருந்து வந்தது பாட்டே இல்லை, துருப்பிடித்த கேட்டின் முனகல்.

கடைசியில் ஓர் ஓட்டலின் கீழ்த்தளத்தில், சாப்பிட வந்த பதினோரு பேருக்கு முன்னால் வாசிக்கிற நிலைமைக்கு வந்தார்கள். அங்கேதான் இந்த நாலாமவர் வந்து சேர்ந்தார். அன்றும் முதுகுதான். வாசிப்பவர்களை விட்டுவிட்டு, சாப்பிடுபவர்களையே பார்த்தபடி நின்றார். முடிந்ததும் நேரே வந்தார்.

"மூணாவது பாட்டுக்குச் சமையல்காரன் கரண்டியோட வெளியே வந்து நின்னான். அதை மட்டும் வெச்சுக்குங்க. மீதி ஒன்பதையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதுங்க."

"அப்போ மூணாவது நல்லாயிருந்துச்சா சார்?" என்று ஆசையாகக் கேட்டாள் அக்கா.

"சமையல்காரன் வந்தான்ல?"

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதன்பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! ஒரே வருடத்தில், இவர்கள் வருகிற தெருவில் விளக்குக் கம்பங்களில் விளக்குகளைவிட ஆட்கள்தான் அதிகம் தொங்கினார்கள். இரண்டாவது சரணத்தில் நாலு வரியை வெட்டச் சொல்வார். வெட்டினால் பாட்டு றெக்கை கட்டிப் பறக்கும். அப்படி ஒரு காது உலகத்திலேயே கிடையாது என்று மற்ற பேண்டுக்காரர்கள் வயிறெரிந்தார்கள்.

ஒருமுறை ஓர் அரங்கின் சொந்தக்காரர், பேசியபடி ஒலிபெருக்கி தர முடியாது என்று அவர் பின்னால் நின்று இருபது நிமிடம் கத்தினார். கூரைப் புறாக்கள் எல்லாம் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தன. இவர் திரும்பவே இல்லை. காலி நாற்காலிகளைப் பார்த்தபடி, சாவதானமாக ஓர் ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகத் தின்றார். வெலவெலத்துப்போன சொந்தக்காரர், கேட்டதற்கு இரண்டு மடங்கு ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்கு விழுந்த பெயர்தான் 'மலை'.

"எல்லாம் சரி," என்றான் தம்பி. "உன்கிட்ட ஒரு தடவையாவது 'நல்லா பாடினே'ன்னு சொல்லியிருக்காரா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஊரே கொண்டாடியும் அந்த ஒரு மனிதர் சொல்லாதது இரண்டு வருடமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. மலை உள்ளே வந்தார்.

"சார், நாங்க ஒரு விஷயம் பேசணும்," என்று பின்னாலிருந்து ஆரம்பித்தான் தம்பி. மலை கண்டுகொள்ளவில்லை. பேச வேண்டியவரிடம் மட்டும் பேசுகிற ரகம் என்பது எல்லாருக்கும் தெரியும். நேராக அக்காவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

அவள் ஒப்பந்தத்தை நீட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"நல்ல கம்பெனிம்மா. போறதுன்னா போங்க."

"இவ்வளவுதானா சார்?" என்றாள் அக்கா. "ஒரே ஒரு கேள்வி. எங்க பாட்டு நல்லாயிருக்கா, இல்லையா? உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா இதை இப்பவே கிழிச்சுடறேன்."

மலை அவள் முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு முதல் முறையாகச் சிரித்தார்.

"பொய் சொல்லி உங்களைப் பிடிச்சு வெச்சுக்க எனக்கு இஷ்டமில்லைம்மா. தெரியாது."

"தெரியாதா! நூத்திநாப்பது ஷோ கூடவே நின்னுட்டு, தெரியாதாமே!" என்று தம்பி பின்னால் எகிறினான். மலை திரும்பவில்லை.

"நானும் டிரம்ஸ் வாசிச்சவன்தான்," என்றார் அவளிடம். "ஸ்பீக்கர் பக்கத்துலயே உட்கார்ந்து உட்கார்ந்து, ரெண்டு காதும் சுத்தமா போய் பதினெட்டு வருஷமாச்சு. எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் படிச்சுக்குவேன். உங்க பாட்டுல ஒரு எழுத்தைக்கூட நான் கேட்டதில்லை. கேட்டவங்க மூஞ்சியைத்தான் பார்த்துட்டிருக்கேன்."

அக்கா அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்த சத்தம், அறையில் இருந்த நாலு பேரில் மூன்று பேருக்குத்தான் கேட்டது.