மனிதக் கை அல்ல

மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு மாலை ஐந்து மணிதான் கெடு. அனுப்புவது இயந்திரமில்லை, மனிதர்தான் என்று காட்ட, பெற்றவர்களில் ஒருவர் செல்போன் திரையில் விரலால் ஒரு வட்டம் போட வேண்டும். அவ்வளவுதான்.

மேலப்பாளையத்தில் இருபது வருஷமாகக் கல்யாணப் பெண்களுக்கு மெஹந்தி போடும் ஜொஹரா, ஒரே இழுப்பில் வட்டம் போட்டாள். "இது மனிதக் கை அல்ல" என்றது திரை. இன்னொன்று போட்டாள். அதே பதில். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஜொஹராவைத் தெரியாது, பாவம்.

"உம்மா, கோணலாப் போடுங்களேன்! இன்னும் ஒரு தடவைதான் விடும்" என்றாள் மகள் ரிஸ்வானா, அழாத குறையாக.

"கோணலா எனக்கு வரமாட்டேங்குதே, புள்ள!"

மூன்றாவது வட்டம் பாதி வந்தபோது ரிஸ்வானா உம்மாவின் இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டினாள். கோடு எகிறியது. "வாருங்கள், மனிதரே" என்று திரை வழிவிட்டது.

ரிஸ்வானாவுக்கு இடமும் கிடைத்தது. அவள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்த இரண்டாவது வட்டம், அடியில் அந்தத் தீர்ப்போடு, இப்போது ஜொஹராவின் கடைச் சுவரில் தொங்குகிறது. நாற்பது டிசைன் பார்த்தும் மனசு ஒப்பாத கல்யாணப் பெண்கள் இப்போதெல்லாம் ஆல்பமே கேட்பதில்லை. சுவரைப் படித்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டிவிடுகிறார்கள்.