கேட்டுக்கு நேராக ஒரு சரிவு

வீட்டு முன்னால் புதிதாகப் போட்ட நடைபாதையின் விளிம்புக்கல் ஒரு சாண் உயரம். அன்றிலிருந்து, கால் வராத செண்பகவல்லியை அவளுடைய மூன்று சக்கர ஸ்கூட்டரோடு சேர்த்து, தெருவில் போகிற யாராவது தூக்கித்தான் ஏற்றிவிட வேண்டியிருந்தது. கல்லை வெட்டி கேட்டுக்கு நேராகச் சரிவு போட்டுத் தரும்படி மனுக் கொடுத்துவிட்டு, அவள் கணவன் கோமதிநாயகம் மாநகராட்சிக்கு நடையாய் நடந்தான். "கேட்டு தென்கோடில இருக்குல்லா, அதான் காரியம் இழுக்கு. வடக்க மாத்திரும்" என்றார் அவன் போய்க் கேட்ட வாஸ்துக்காரர். அலுத்துப்போய் அதையும் செய்தான். பழைய வாசலைச் சுவர் வைத்து அடைத்து, கேட்டை வடகோடிக்கு மாற்றினான். மறுவாரமே ஆட்கள் வந்து சரிவு போட்டுவிட்டுப் போனார்கள். மனுவில் சொன்ன இடத்திலேயே, அடைத்த சுவருக்கு நேராக. அங்கிருந்து புது கேட்டுக்குப் போக முடியாமல் நடுவில் மின்கம்பம் நின்றது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த செண்பகவல்லி சரிவில் ஏறினாள். முன்சக்கரம் சுவரில் முட்டியதும் எஞ்சினை அணைத்தாள்.

"அந்தப் பக்கம் வா, யாரையாச்சும் கூப்பிட்டுத் தூக்கிருவோம்" என்றான் அவன்.

"கொஞ்ச நேரம் இருக்கேன்" என்றாள், சுவரைப் பார்த்தபடி. "ஒருத்தர் கையும் படாம ஏறி வந்திருக்கேன்லா."