பத்தே நிமிஷம்

“ம... மா... தெரியல மிஸ்.”

சிறுமி புத்தகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் சாய்ந்திருந்த தாளாளர் ஏப்பம் விட்டார். “பாத்தீங்களா? ஒன்பது வயசு. ஒரு வரி வராது. மண்டை முழுக்கக் களிமண்ணு.”

மகனைச் சேர்க்குமுன் வகுப்பைப் பார்க்க வந்து, பின் வரிசையில் கணவனுடன் அமர்ந்திருந்தவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இதே வார்த்தையை மூன்று பள்ளிகளில் கேட்டுக் கேட்டுத்தான், அவள் மகன் இப்போது புத்தகத்தைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறான்.

“எந்திரிங்க, போயிடலாம். இந்தாளு மூஞ்சியைப் பாக்கவே சகிக்கல,” என்றாள் மெதுவாக.

“அவரா பாடம் எடுக்கப் போறாரு? டீச்சரைப் பாரு. இதை விட்டா நம்ம பையனுக்கு வேற எடமில்ல,” என்றான் கணவன்.

அந்த நேரம் ஜன்னலில் சிறுமியைவிடச் சின்னதாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது. ஆயா அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனாள். “அதுங்க அப்படித்தான்,” என்று தாளாளர் பல்லைக் குத்தினார். பையனின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பாப்பா, மணல் டப்பாவை எடுத்துட்டு வாம்மா,” என்றாள் ஆசிரியை.

அலமாரியில் ஆறு நீல டப்பாக்கள், எல்லாம் ஒரே அளவு. உள்ளே என்ன என்று எழுதி மூடிமேல் ஒட்டியிருந்த சீட்டுகள் மட்டுமே வேறு வேறு. சிறுமி நேராகப் போய் மூன்றாவதை எடுத்து வந்தாள்.

ஆசிரியை தட்டில் மணலைப் பரப்பினாள். சிறுமியின் விரலைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக எழுத வைத்தாள், சொல்ல வைத்தாள். பத்தே நிமிஷம்.

“இப்ப படி.”

“மழை வந்தது. மாடியில் காய்ந்த துணி நனைந்தது.” ஒரு திக்கலும் இல்லை.

கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நம்ம பையனும் இப்படிப் படிப்பாம்மா.” அவளும் தலையசைத்தாள். தாளாளர் நீட்டிய சேர்க்கைப் படிவத்தை, பல் குத்திய அந்த ஈரக் கையைத் தொடாமல் வாங்கிக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள்.

சிறுமி ஆசிரியையின் முந்தானையை இழுத்தாள். “மிஸ், நான் தப்பாப் படிச்சது சரியா இருந்துச்சா? இனிமேலாவது என் தங்கச்சிக்குச் சொல்லித் தருவீங்களா?”