ஒட்டுத் தெரியாத முகம்

பெர்லின், 1933. நாட்டை விட்டுப் பிராகுக்குத் தப்பிப்போக வாங்கிய ரயில் டிக்கெட்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ஆல்வின் ரெம்கே தானாகவே போலீஸ் நிலையத்துக்குள் நுழைந்தார். புகைப்படங்களை வெட்டி ஒட்டிப் புத்தக அட்டை செய்வது அவர் தொழில். தைரியத்துக்கும் அவருக்கும் அதிகப் பழக்கமில்லை.

“நாஜிகளைத் திட்டுற புத்தகத்தோட அட்டையில முஷ்டி தூக்கி நிக்கிறவனப் பிடிச்சுட்டீங்களாமே? தலைய வெட்டப் போறதா பேப்பர்ல போட்டிருக்கு.”

“பக்கத்து ரூம்லதான் இருக்கான்,” என்றார் அதிகாரி.

“ஐயோ, தப்பான ஆளுங்க! அப்படி ஒருத்தன் உலகத்துலயே கிடையாது. நான் ஒட்டுனது அது.”

அதிகாரி அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒட்டே தெரியலையே. கூட்டாளியக் காப்பாத்தப் புளுகுறீங்க.”

அந்த நேரத்திலும் ரெம்கேக்கு உச்சி குளிர்ந்துதான் போயிற்று. “தெரிஞ்சா நான் என்ன வேலைக்காரன்? மாடலுக்குக் கொடுக்கக் காசு ஏது? தெரிஞ்சவங்களத்தான் நிக்க வெச்சேன். கண்ணு என் மச்சான் யோஸ்ட். தாடை கசாப்புக்கடை வில்ஃப்ரீட். முஷ்டி அச்சாபீஸ் லூட்ஸ். வேணும்னா கூப்பிட்டு நிக்க வெச்சுப் பாருங்க! அந்த அப்பாவிய விட்டுடுங்க.”

“விட்டாச்சு.” அதிகாரி எழுந்து பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு காலி நாற்காலி.

“யாரையும் பிடிக்கலைங்க. இல்லாதவனுக்காக ஊர் பூரா நாயா அலைஞ்சு, கடைசில பேப்பர்ல பொய்ச் செய்தி போட்டோம். இப்ப மூணு பேர் கிடைச்சாங்க.”

ரெம்கேயின் விரல்களில் காய்ந்திருந்த பசையை அவர் கனிவோடு பார்த்தார்.

“ஒட்டுன கையோட சேர்த்து நாலு.”