சென்ட்ரிங் பிரிக்கிற அன்னைக்கு

காலில் விழப்போன ஜெபசிங்கை மந்திரமூர்த்தி தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம் சார். உக்காருங்க."

ஜெபசிங் உட்காரவில்லை. மேலகரத்தில் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க அவருக்கு இத்தனை வருடம் ஆகியிருந்தது.

வெளியே சாரல். தெருமுனையில், குற்றாலம் ரோட்டில், சீசன் கூட்டம் வேன் வேனாகப் போய்க்கொண்டிருந்தது.

இதுபோல ஒரு சாரலில்தான் உமா மகேஸ்வரி செத்துப்போனாள்.

அருவியில் குளித்துவிட்டு வந்தவள், ஆட்டோ வரும்வரை நனையாமல் இருக்கப் புதிதாகத் திறந்திருந்த ஒரு லாட்ஜின் போர்ட்டிகோவுக்கு அடியில் ஒதுங்கினாள். போர்ட்டிகோ அப்படியே இறங்கிவிட்டது.

அந்த லாட்ஜைக் கட்டிய இன்ஜினியர் ஜெபசிங்.

உமாவின் புருஷன் மந்திரமூர்த்தி அப்போது தென் சூடானில் இருந்தார். ராணுவத்தில், பாலமும் ரோடும் போடுகிற சாப்பர் பிரிவில் சுபேதார். ஐ.நா. அமைதிப்படையோடு போயிருந்தார். ஊர் வந்து சேர்ந்தபோது உமாவின் சாம்பலையும் கரைத்திருந்தார்கள். இடிபாட்டை மட்டும் யாரும் அள்ளியிருக்கவில்லை.

போய்ப் பார்த்தார்.

தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீளுகிற போர்ட்டிகோவுக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். இதில் அடிப்பக்கம் கிடந்தது. கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து மிதித்து அமுக்கியிருக்கிறார்கள். தூக்கிக் கட்டுங்கடா என்று சத்தம் போட அங்கே இன்ஜினியர் இல்லை. அன்றைக்கு அவர் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் இருந்தார்.

கோர்ட்டில், நான் சைட்டில்தான் நின்றேன் என்றார் ஜெபசிங். கொத்தனார் முத்துராஜ் என் பேச்சைக் கேட்கவில்லை என்றார்.

முத்துராஜ் ஜெயிலுக்குப் போனான். ஜெபசிங் வீட்டுக்குப் போனார்.

இப்போது தென்காசி முழுக்க அவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ். வெளிநாட்டு மிஷன் ஒன்று, பல தேசத்து ஆர்க்கிடெக்டுகளையும் இன்ஜினியர்களையும் திரட்டித் தென் சூடானில் ஆஸ்பத்திரி கட்டுகிறது. சம்பளம் வாங்காமல் ஊழியமாகப் போகிறார் ஜெபசிங். சபை அவரை வாழ்த்தி வழியனுப்புகிறது.

"பாஸ்டர் சொன்னாரு அண்ணாச்சி." ஜெபசிங் கையைக் கூப்பினார். "ஊழியத்துக்குப் போறவன் யாருகிட்டயும் மனஸ்தாபம் வச்சுக்கிட்டுப் போகக்கூடாதுன்னு. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்காம என்னால பிளேன் ஏற முடியாது."

மனஸ்தாபம். அந்தச் சொல்லை மந்திரமூர்த்தி வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

ஒரு நாள் பெட்ரோல் பங்கில் இந்த ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு, போனில் சிரித்துப் பேசியபடி. மந்திரமூர்த்தியின் கை அந்தக் கழுத்து வரை போய்த் திரும்பியது. பயந்து திரும்பவில்லை. கழுத்தை நெரித்தால் சீக்கிரம் முடிந்துவிடும். உமாவுக்கு அப்படி முடியவில்லை. ஜேசிபி வந்து சேரும்வரை அவள் அடியில் உயிரோடு கிடந்தாளாம்.

"மன்னிச்சாச்சு சார்," என்றார். "நிம்மதியாப் போங்க."

ஜெபசிங் நம்ப முடியாமல் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மந்திரமூர்த்தியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பி அழுதார். மந்திரமூர்த்தி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுது முடியட்டும் என்று நின்றார்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

ஹெலன். ஆஸ்பத்திரிக்குப் பிளான் போட்ட ஆங்கிலேயப் பெண்மணி. அந்தத் திட்டத்துக்கே தலைவி. தென்காசி ஸ்டேஷனிலிருந்து அவரைக் குற்றாலத்து கெஸ்ட் ஹவுசுக்குக் கூட்டிப்போகிற வழியில், ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் ஜெபசிங்.

ஜெபசிங்கைத் தேடிக்கொண்டு வந்த ஹெலன் முதலில் பார்த்தது மந்திரமூர்த்தியைத்தான்.

"சுபேதார் சாப்!" என்று முகமெல்லாம் மலர்ந்து உள்ளே வந்தார். அப்புறம்தான் ஜெபசிங் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் படபடவென்று பேசினார். இவரை உங்களுக்கு முன்பே தெரியுமா? எவ்வளவு நல்லதாகப் போயிற்று! அங்கே சைட் முழுக்க இவர் பொறுப்பில்தான். இவர் தலையசைக்காமல் ஒரு சட்டி கான்கிரீட் விழாது.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த மந்திரமூர்த்தி, ஃப்ளெக்ஸைப் பார்த்த அன்றைக்கே மிஷனுக்கு எழுதிக் கேட்டு வாங்கிய வேலை அது. அந்த மண்ணும் மழையும் தெரிந்த ஆள் என்று, சென்னையில் நேரில் பார்த்தபோதே ஹெலன் சரி சொல்லிவிட்டார்.

ஜெபசிங்கின் கை மெல்ல விலகப் பார்த்தது. இப்போது அதைப் பிடித்திருந்தது மந்திரமூர்த்தி.

"கான்கிரீட் போடும்போதெல்லாம் எம் பக்கத்துலயே நிக்கணும் சார். எந்தக் கல்யாணத்துக்கும் போவக்கூடாது." தணிந்த குரலில், தமிழில் சொன்னார். "முட்டுக் கம்பும் பலகையும் எடுத்து சென்ட்ரிங் பிரிக்கிற அன்னைக்கு மட்டும் நீங்க அடியில போயி நில்லுங்க. தனியா. நான் வெளிய நின்னு பாக்கேன்."

ஹெலன் சிரித்த முகம் மாறாமல், அவர் என்ன சொல்கிறார் என்று ஜெபசிங்கிடம் கேட்டார்.

மந்திரமூர்த்திக்கு ஆங்கிலம் நன்றாகவே பேச வரும். பேசவில்லை.

ஜெபசிங் சொல்லட்டும் என்று, பிடித்த கையை விடாமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.