எச்சம் போடாத வாத்துகள்

அரசு தந்த புதுரக வாத்துகள் நாள் முழுக்க நீந்தும், முட்டையிடும். எச்சம் மட்டும் போடாது. நாற்றம் பிடித்தவை என்று இளஞ்சியத்தின் பழைய வாத்துகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அவளுடைய மீன்குளத்தில் முகம் பார்த்துத் தலை வாரலாம். மாவட்டத்திலேயே சுத்தமான குளம் என்று விருதும் வந்தது.

கேடயத்தோடு வந்த அதிகாரி விருந்துக்கு உட்கார்ந்தார். மீன்குழம்பைத் துழாவித் துழாவிப் பார்த்தார். பூண்டுதான் அகப்பட்டது.

"ஏம்மா, மீனைக் காணோமே?"

"வாத்து எச்சந்தான் சார் எங்க கெண்டைக்கு இரை. அது இல்லாம எல்லாம் பட்டினியில செத்துப்போச்சு."

"கவலைப்படாதீங்க. அடுத்த வருஷம் எதையும் திங்காமலே வளர்ற மீன் தர்றோம்."

"அப்படியே, திங்காத அதிகாரியையும் சேர்த்து அனுப்புங்க சார்" என்று இளஞ்சியம் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.