எதிர்ப் பக்கத்து நாற்காலி

நியூசிலாந்தின் கிஸ்போர்ன் நகரப் பள்ளி வாசலில் மிரியாமா தன் மகன் ஹேமியின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். படிப்பை முடித்த கையோடு கிடைத்த ஆசிரியர் வேலை. இன்று முதல் நாள். மாவோரி வழக்கப்படி, புது ஆசிரியரைக் குடும்பமே கூட்டிவந்து, பாட்டுப் பாடிப் பள்ளியிடம் ஒப்படைக்க வேண்டும். அத்தை, சித்தப்பா எல்லாரும் வந்திருந்தார்கள்.

"ராத்திரி பொட்டுத் தூக்கமில்லடா."

"தெரியும்மா. பாடும்போது அழுது மானத்த வாங்காத."

"நீ அழாம இரு, நானும் அழமாட்டேன்."

பள்ளிக்காரர்களும் குடும்பத்தாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வரவேற்புப் பேச்சு முடிந்ததும் குடும்பம் எழுந்து பாடியது. முதலில் உடைந்தது ஹேமியின் குரல்தான்.

எதிர்ப் பக்கத்திலிருந்து தலைமையாசிரியை சிரித்தாள்.

"ஏன்டா ஹேமி, நாலு வருஷமா இங்க கணக்கு வாத்தியாரா இருக்கே. எங்க பக்கம் உக்காராம அங்க என்னடா பண்றே?"

"இன்னைக்கு மட்டும் நான் எங்கம்மா கட்சி, அக்கா."

"சரி, புது டீச்சர் எங்க பக்கம் வரலாம்."

ஐம்பதைத் தாண்டிய மிரியாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரே காலியாக இருந்த நாற்காலியை நோக்கி நடந்தாள்.

பின்னாலிருந்து ஹேமி மெதுவாகச் சொன்னான்: "அம்மா, ஸ்டாஃப் ரூம்ல மட்டும் என் காலரைத் தொடாத."